பொருள் வரவில்லை

ரேடியோ எந்த நாளில் பேச்சை நிறுத்தினான் என்று அடுப்புக் கம்பெனியில் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒருவன் பேசத் தொடங்கினால் ஊருக்கே தெரியும். நிறுத்தினால் யார் கவனிக்கிறார்கள்? அவனுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து குழாய் மாட்டும் அம்மாதான் ஒரு நாள், "என்ன, ரேடியோவுல பேட்டரி தீர்ந்துபோச்சா?" என்று கேட்டாள். அவன் நிமிரவில்லை. அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவள் தலைக்கு மேல் விளக்கு மஞ்சளாகியிருந்தது.

எரிவாயு அடுப்பு செய்கிற கம்பெனி அது. ஒரு கோடியில் தகடு அழுத்தும் மெஷின்கள் நாள் முழுக்க மடேர் மடேர் என்று அடித்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் கொட்டகையில் பெயிண்ட் சுடுகிற உலை. அந்த வாசனை மூக்கில் ஏறினால் வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் இறங்காது. நடுவில் நீளமாகக் கிடந்தது லைன். ரப்பர் பெல்ட்டின் மேல் அடுப்பு வெறும் தகரக் கூடாக வரும். ஒருத்தர் கால் மாட்டுவார், ஒருத்தர் வால்வு, அடுத்தவர் குழாய், அப்புறம் பர்னர், திருகு. கடைசியில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்து அட்டைப்பெட்டிக்குள் இறக்குவார்கள்.

அவர்களில் வால்வு மாட்டுகிறவன்தான் ரேடியோ. ஓயாத பேச்சால் வந்த பட்டப்பெயர் அது. கை நட்டைத் திருகும்போது வாய் ஊர்க்கதையைத் திருகிக்கொண்டிருக்கும். முதல் நாள் பஸ்ஸில் கேட்ட சண்டை, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய நாய், தனக்குப் பெண் பார்த்த கதை எல்லாம் வரும்.

"பொண்ணுக்குப் பேச்சு வருமான்னு பார்க்கணும்னு சொல்லி ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாங்க. நான் கேட்டேன். கேட்டுட்டு நானே பதில் சொன்னேன். அப்புறம் அதுக்கு ஒரு கதை சொன்னேன். பொண்ணு எந்திரிச்சு உள்ள போயிருச்சு. இன்னும் வெளியவே வரல."

லைனே குலுங்கும். சிரித்துக்கொண்டே கைகள் ஓடும். சாயங்காலம் ஆனதே தெரியாது. லைனைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி தூரத்திலிருந்து அதட்டுவார்.

"டேய் மாப்ளே, வாய்க்கு ஒரு நட்டு போடட்டுமா?"

"போடு மாமா. ஆனா வாஷரோட போடு. இல்லன்னா கசியும்."

மேஸ்திரி ரேடியோவின் அக்காவைக் கட்டியவர். தாய் தகப்பன் போன பிறகு சின்ன வயதிலிருந்தே ரேடியோ அந்த வீட்டில்தான் வளர்ந்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. "நான் பெத்ததும் அவன்தான், எனக்குத் தம்பியும் அவன்தான்" என்று அக்கா யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்வாள். அவளும் அதே கம்பெனியில்தான், கேன்டீனில் சமையல். காலையில் மூவரும் ஒன்றாக நடந்து போவார்கள். மேஸ்திரி முன்னால், அக்கா நடுவில், பின்னால் பேசிக்கொண்டே ரேடியோ.

மழைக்காலம் தொடங்கியபோது கம்பெனியில் புது ஏற்பாடு வந்தது. எல்லாரையும் கொட்டகையில் கூட்டி டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து வந்த இளைஞன் சின்ன மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினான். நல்ல பையன். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். மழை தகரக்கூரையில் அடித்த அடியில் அவன் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. இனிமேல் ஒவ்வொரு இடத்துக்கும் மேலே ஒரு விளக்கு. வேலை ஒழுங்காக ஓடினால் பச்சை, சுணங்கினால் மஞ்சள், நின்றால் சிவப்பு. நடுவில் பெரிய டிவி ஒன்று தொங்கும். யார் எவ்வளவு முடித்தார்கள் என்று அதில் உடனுக்குடன் ஓடும். யாரும் யாரையும் திட்டத் தேவையில்லை, கணக்கு எழுதத் தேவையில்லை, எல்லாம் தானாக நடக்கும், எல்லாருக்கும் டென்ஷன் குறையும் என்றான்.

ரேடியோ கையைத் தூக்கினான்.

"ஒரு சந்தேகம் தம்பி. பச்சை எரிஞ்சா நான் நல்லவன், சிவப்பு எரிஞ்சா கெட்டவன். அவ்வளவுதானே? எங்க அக்கா முகத்துல இத்தனை வருஷமா இதுதான் எரிஞ்சிக்கிட்டிருக்கு. அதுக்குக் கரண்டும் வேண்டாம்."

கூட்டம் சிரித்தது. மைக் பிடித்த இளைஞனும் சிரித்தான். கேன்டீன் வாசலில் நின்ற அக்கா கரண்டியை ஓங்கிக் காட்டினாள்.

விளக்குகள் வந்தன. முதல் சில நாட்கள் வேடிக்கையாகத்தான் இருந்தது. பச்சையைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார்கள். அப்புறம் டிவியில் வரிசை மாறத் தொடங்கியது. மேலே இருக்கிறவன் கீழே வருவதும், கீழே இருக்கிறவன் மேலே போவதும் எல்லார் கண்ணிலும் பட்டது. தும்மினால் மஞ்சள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் மஞ்சள். தண்ணீர் குடிக்க எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் காலையில் வீட்டிலிருந்து வரும்போதே தண்ணீரைக் குறைத்துக்கொண்டார்கள்.

ரேடியோ கதை சொன்னால் கேட்பதற்கு ஆள் இல்லை. பர்னர் மாட்டுகிறவன் ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் சும்மா இருண்ணே, எனக்குக் கவனம் தப்புது" என்றான். கெட்ட மனசோடு சொல்லவில்லை. அவன் பெயர் அன்று டிவியில் கடைசிக்கு முன்னால் இருந்தது.

கேன்டீனில் அக்காவுக்கு இது வேறு விதமாகத் தெரிந்தது. மிச்சச் சோறு கொட்டுகிற வாளி கனக்கத் தொடங்கியது. முன்பெல்லாம் அந்த வாளியை ஒரு கையால் தூக்கிப் போய் வெளியே நாய்களுக்குக் கொட்டுவாள். இப்போது துணைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அடையாள அட்டையை வாசல் மெஷினில் தேய்த்துவிட்டுத்தான் சாப்பிட வர வேண்டும், தேய்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆட்கள் தட்டின் முன் உட்காருவார்கள், நாலு வாய் அள்ளிப் போடுவார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள், எழுந்துவிடுவார்கள். யாரும் குழம்பில் உப்பு குறைச்சல் என்று சண்டைக்கு வருவதில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"திட்டினாக்கூடப் பரவாயில்லை. வாயில என்ன போகுதுன்னே தெரியாம சாப்பிடறாங்க" என்று கேன்டீன் பெண்களிடம் சொன்னாள்.

மேஸ்திரிக்கும் ஒரு பலகை கொடுத்திருந்தார்கள், ஸ்லேட்டு அளவில் கண்ணாடித் திரை. லைன் எங்கேயாவது நின்றால் அது கையில் துடிக்கும். ஏன் நின்றது என்று உடனே தொட்டுச் சொல்ல வேண்டும். திரையில் நாலு கட்டம் இருந்தது: மெஷின் பழுது, மின்சாரம் இல்லை, பொருள் வரவில்லை, ஆள். 'ஆள்' என்ற கட்டத்தைத் தொட்டால் எந்த ஆள் என்று கேட்கும்.

ஒரு நாள் குழாய் மாட்டும் அம்மாவுக்கு வீட்டிலிருந்து செய்தி வந்தது. மகளுக்குக் குறைப்பிரசவம், குழந்தை தங்கவில்லை. செய்தி சொல்ல வந்த காவலாளி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் எழவில்லை. கையில் குழாயைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டில் அடுப்புகள் வந்து ஒன்றையொன்று முட்டி நின்றன. விளக்கு சிவப்பானது. மேஸ்திரியின் கையில் பலகை துடித்தது.

அவர் நாலு கட்டத்தையும் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். பிறகு 'பொருள் வரவில்லை' என்பதைத் தொட்டார். பலகை அடங்கியது.

அன்று தொடங்கியது அந்தப் பழக்கம். ஒருத்தருக்கு மயக்கம் வந்தாலும், ஒருத்தி கழிப்பறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தாலும், மேஸ்திரி பொருள் வரவில்லை என்று தொடுவார். இருப்பு அறையில் பொருள் மலை மாதிரி குவிந்து கிடந்தது. லைனில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நன்றி மட்டும் அவர் அந்தப் பக்கம் வரும்போது கண்களில் தெரியும்.

அப்படி அவர் அதிகமாகக் காப்பாற்ற வேண்டியிருந்தது ரேடியோவைத்தான். பேசாமல் அவனுக்கு வேலை ஓடவில்லை. முன்பு பேச்சு ஒரு பக்கம் போனால் கை ஒரு பக்கம் தானாகப் போகும். இப்போது அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தால் கை தடுமாறியது. நட்டு மறை தப்பிக் கோணலாக ஏறும், கழற்றுவான், மறுபடி போடுவான், அதற்குள் மஞ்சள். மஞ்சளைப் பார்த்தால் நட்டு கீழே விழும். விழுந்தால் சிவப்பு.

வீட்டிலும் அவன் வாயடைத்துப் போனது அக்காவுக்குத்தான் முதலில் உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ரேடியோ சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சமையலறையில் அவள் அரிசி புடைத்துக்கொண்டே புருஷனைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. அவன் சாப்பிட்டதைப் பார்த்தீங்களா?"

"ஏன், நல்லாத்தானே சாப்பிட்டான்."

"என்ன நல்லா? முட்டை வைக்க மறந்துட்டேன். கேட்கவே இல்லை. எங்க என் முட்டைன்னு வீட்டை ரெண்டாக்குற ஆளு அவன்."

"பசி இல்லையோ என்னமோ."

"பசி இல்லாதவன் அவ்வளவு வேகமாவா சாப்பிடுவான்? நான் குழம்பு ஊத்தறதுக்குள்ள பாதிச் சோறு காலி. ஞாயித்துக்கிழமைங்க இன்னைக்கு. யாரு விரட்டறா அவனை?"

மேஸ்திரி வாசற்படியில் உட்கார்ந்தார். முற்றத்தில் தண்ணீர் தேங்கி நின்றது.

"அங்க எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு. கொஞ்ச நாள் போனா பழகிரும்."

"என்ன பழகும்? தூங்கறப்ப கையைப் பாருங்க. திருகிக்கிட்டே இருக்கு. கட்டிலுக்கு நட்டு போடற மாதிரி." அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நேத்து கேட்டேன், ஏன்டா பேச மாட்டேங்கற, அக்கா மேல கோபமாடான்னு. என்ன சொன்னான் தெரியுமா? பேச ஆரம்பிச்சா நிறுத்திருவேனோன்னு பயமா இருக்குங்கறான். என்னத்தை நிறுத்திருவடான்னா, கையைங்கறான். எனக்கு ஒண்ணும் புரியல."

மேஸ்திரிக்குப் புரிந்தது.

"நீங்க அங்கேயேதானே இருக்கீங்க. நீங்க சொன்னா கேட்க மாட்டாங்களா?"

"யார்கிட்டச் சொல்றது? முன்னாடி மேனேஜர்கிட்டப் போய் நிப்பேன். திட்டுவாரு, கத்துவாரு, அப்புறம் சரி போய்யாம்பாரு. இப்ப அவரும் அந்த டிவியத்தான் பார்க்கறாரு. டிவிகிட்டப் போய் என்ன சொல்ல?"

"அப்ப நீங்க எதுக்கு அங்க மேஸ்திரின்னு?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பார்த்துக்கறேன். என்னை மீறி என்ன ஆயிரும்?" என்றார் கடைசியில்.

அப்படிச் சொல்லி அதிக நாள் ஆகவில்லை. இருப்பு அறையில் அலமாரிகளின் கீழே தராசு மாதிரி ஏதோ பொருத்தினார்கள். எந்தப் பெட்டியில் எத்தனை நட்டு இருக்கிறது என்பது வரைக்கும் அதற்குத் தெரியும் என்றார்கள். மேஸ்திரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் கம்ப்யூட்டர் இளைஞன் வந்து, "சார், கொஞ்சம் ரூமுக்கு வர முடியுமா?" என்று கேட்டான்.

கண்ணாடிச் சுவர் வைத்த அறை. உள்ளே ஜில்லென்று இருந்தது. இளைஞன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவனும் சங்கடத்தில் இருந்தான்.

"சார், தப்பா நினைக்காதீங்க. பொருள் வரவில்லைன்னு நீங்க நிறைய தடவை போட்டிருக்கீங்க. ஸ்டோர் கணக்கைச் சேர்த்துப் பார்த்தா, அந்த நேரத்துல எல்லாம் பொருள் லைனுக்கு வந்திருக்கு சார்."

மேஸ்திரியின் காது சூடானது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து யாரும் அவரைப் பொய் சொன்னார் என்று சொன்னதில்லை.

"கை தவறிப் பட்டிருக்கும் தம்பி."

"ஒரு தடவை, ரெண்டு தடவைன்னா நானும் விட்டிருப்பேன் சார்." இளைஞன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மேல யாரும் இன்னும் பார்க்கல. நான் சரி பண்ணிடறேன். ஆனா அதைச் சரி பண்ணினா வேற ஒண்ணு மேல வரும். அந்த நேரமெல்லாம் எந்த இடத்துல நின்னுச்சோ, அந்த ஆள் கணக்குல போய் விழும்."

"யாரு கணக்குல?"

"அதிகமா வால்வு மாட்டறவர் கணக்குலதான் சார்."

அவன் திரையைத் திருப்பினான். ரேடியோவின் பெயர் இருந்தது. ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பரிந்துரை இல்லை என்று ஒரு வரி. கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான். லைன் பொறுப்பாளர் ஒப்புதல் என்று எழுதியிருந்தது.

"இதை நான் அமுக்கலைன்னா?"

"ஏன் அமுக்கலைன்னு கேட்பாங்க சார். அப்ப பழசெல்லாம் வெளிய வரும். உங்களுக்கு சர்வீஸ் இருக்கு. பாவம், நீங்க எதுக்கு..." அவன் முடிக்கவில்லை.

"வேற செக்‌ஷனுக்கு மாத்தி விடலாம்ல தம்பி? அட்டைப்பெட்டி ஒட்டற இடம், லோடு ஏத்தற இடம். அவன் எந்த வேலையும் செய்வான்."

"பார்க்கறோம் சார்."

பார்க்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று மேஸ்திரிக்குத் தெரியும். அவரே எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கண்ணாடி வழியாக லைன் தெரிந்தது. ரேடியோ குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் அந்த நேரத்தில் பச்சைதான் எரிந்தது. மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். வாடகை வீடு, பெண்டாட்டியின் கேன்டீன் வேலை, தன் வயது எல்லாம் நினைவுக்கு வந்தது. அதற்கெல்லாம் முன்னால், பொய்யன் என்று பெயர் எடுத்து வாசலைத் தாண்டிப் போவது நினைவுக்கு வந்தது. அதுதான் அவரை உட்கார வைத்தது. விரலை நீட்டினார். தொட்டது போலவே இல்லை. கண்ணாடியில் ஒரு தூசியைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

"தேங்க்ஸ் சார்" என்றான் இளைஞன்.

செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. ரேடியோவின் போனுக்கு மத்தியானமே வந்துவிட்டது. கேன்டீனுக்கு வந்து அக்காவிடம் காட்டியிருக்கிறான். அவள் பாதி வேலையில் அடுப்பை அணைத்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மேஸ்திரி வந்தபோது வெயில் சாய்ந்து வாசலில் விழுந்திருந்தது. ரேடியோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அக்கா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் அந்தப் போன்.

"இதுல லைன் பொறுப்பாளர் ஒப்புதலுடன்னு போட்டிருக்கு. அது யாரு?"

அவர் செருப்பைக் கழற்றினார்.

"உங்களைத்தான் கேட்கறேன். நீங்க அமுக்கினீங்களா?"

"ஆமா."

"யாரோ கையைப் பிடிச்சு அமுக்க வச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்களேதான்."

"அமுக்கலைன்னா எனக்கும் வேலை போயிருக்கும். இவனுக்காகப் பொய்யாப் போட்டுக்கிட்டே வந்தேன். கண்டுபிடிச்சுட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

"எனக்கு என்ன தெரியும்? நான் சோறு ஆக்கறவ." அவள் குரல் உடைந்தது. "போயிருக்கட்டுமே உங்க வேலையும். மூணு பேரும் சேர்ந்து வீட்ல உட்கார்ந்திருப்போம். இவன் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருக்கறதை நான் எப்படிப் பார்ப்பேன்?"

"விடுக்கா." ரேடியோ பேசினான். பல நாள் பயன்படுத்தாத குரல் மாதிரி கரகரத்தது. "மாமா அமுக்கலைன்னா வேற ஒரு விரல் அமுக்கியிருக்கும். கம்பெனியில விரலுக்கா பஞ்சம்?"

பல வாரங்களுக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கை அது. யாரும் சிரிக்கவில்லை. அவனே சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டு போயிற்று. அக்கா அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி கூடத்தின் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்.

அதற்குப் பிறகும் ரேடியோ அவரிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வந்தால் கட்டிலிலிருந்து எழுந்து நின்றான். டிவியில் அவர் செய்தி கேட்டால் தான் வெளியே போனான். ஒரு காலையில் பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு, மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்திருப்பதாகவும், அங்கேயே நாலு பேரோடு ஒரு அறையில் தங்கிக்கொள்வதாகவும் அக்காவிடம் சொன்னான். அவள் அழுதாள், தடுத்தாள், கடைசியில் ஒரு டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்தாள்.

"வரேன் மாமா" என்று வாசலில் நின்று சொன்னான். மேஸ்திரி பதில் சொல்வதற்குள் தெருவில் இறங்கியிருந்தான்.

அக்கா வீட்டை விட்டுப் போகவில்லை, சமைக்காமல் இருக்கவில்லை. ஆனால் புருஷனோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டாள். "சாப்பிடறவங்க வந்து சாப்பிடலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். "தண்ணி வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்" என்பாள். காலையில் கம்பெனிக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். அவள் பத்தடி பின்னால் வந்தாள். மேஸ்திரிக்கு லைனில் நிற்பதும் வீட்டில் இருப்பதும் ஒன்றாகிவிட்டது. இரண்டு இடத்திலும் யாரும் பேசவில்லை.

வால்வு மாட்ட ஒரு புது ஆள் வந்தான். அவன் விளக்கு பெரும்பாலும் பச்சையாகவே எரிந்தது. பலகை துடித்தால் மேஸ்திரி இப்போதெல்லாம் 'ஆள்' என்ற கட்டத்தைத்தான் தொட்டார். எந்த ஆள் என்று கேட்டால் அதையும் சொன்னார். அவர் அந்தப் பக்கம் வந்தால் குழாய் மாட்டும் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மழை ஓய்ந்து வெயில் வந்தது. ஒரு வாரவிடுமுறையில் அவர் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"எங்க போறதாம்?"

"மார்க்கெட்டுக்கு."

அவள் கை நின்றது. பிறகு அத்தனை நாளில் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"அவனைப் பார்க்கவா? வரச் சொல்லுங்க. அக்கா சொன்னேன்னு சொல்லுங்க. வர மாட்டேன்னா ஒரு வேளை சாப்பிட்டுட்டாவது போகச் சொல்லுங்க."

"சரி" என்றார்.

மார்க்கெட்டில் காலை வியாபாரம் முடிகிற நேரம். தரையெல்லாம் முட்டைக்கோஸ் இலையும் சேறும். லாரிகள் பின்பக்கமாக வந்து நிற்க, ஆட்கள் முதுகில் மூட்டையோடு சாய்த்து வைத்த மரப்பலகையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி யாரிடமும் வழி கேட்கவில்லை. வெங்காய மண்டிக்குப் பக்கத்தில் வரும்போதே அந்தக் குரல் கேட்டது. மார்க்கெட் இரைச்சலுக்கு மேலே, முன்பு லைனில் கேட்டது போலவே. கொஞ்சம் கரகரப்பு மட்டும் கூடியிருந்தது.

அவருக்குக் கால் வேகம் பிடித்தது. அடுக்கி வைத்த மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். அந்தப் பக்கம் மூட்டை தூக்கிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தால் ரேடியோவின் முதுகு தெரிந்தது. மெலிந்திருந்தான். தோளில் சாக்குத்துணி, கழுத்தில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. டீ கிளாஸை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"நான் சினிமாவுக்குப் போயிட்டேன்யா. வேலைக்கு மட்டம். மேனேஜர் கேட்கறாரு, எங்கய்யா உன் மச்சினன்? எங்க மாமாவுக்குப் பொய் சொல்லவே வராது. இருந்தாலும் எனக்காகச் சொல்லணுமே. வயித்து வலி சார்னாரு. மேனேஜர் இரக்கப்பட்டுட்டாரு. அடடா, வா, நானே வீட்டுக்கு வந்து பார்க்கறேங்கறாரு. மாமாவுக்கு வேர்த்து ஊத்துது. வேண்டாம் சார், தொத்திக்கும் சார்னாரு. உனக்கெப்படிய்யா தெரியும்? எனக்கும் தொத்திருச்சு சார்!"

ஆட்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"மேனேஜர் சும்மா இருப்பாரா? அலமாரியைத் திறந்து விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்தாரு. ஒரு டம்ளர். முழுசா ஒரு டம்ளர்யா! என் கண்ணு முன்னால குடின்னாரு. மாமா குடிச்சாரு. அன்னைக்கு லைன்ல அவர் நின்னதை யாருமே பார்க்கல. நான் படம் பார்த்துட்டு ஜாலியா வீட்டுக்கு வர்றேன், மனுஷன் சுருண்டு கிடக்காரு. என்ன மாமான்னா, படம் நல்லா இருந்துச்சாடா மாப்ளேங்கறாரு!"

ஒருவன் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். மூட்டைக்கு இந்தப் பக்கம் மேஸ்திரியும் சிரித்துவிட்டார். சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. மூட்டையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக ஒரு அடி எடுத்து வைத்தார்.

"பலே ஆளுதான்யா உங்க மாமா" என்றான் ஒரு கிழவன். "எந்த ஊர்ல இருக்காரு இப்ப?"

ரேடியோ டீ கிளாஸின் அடியில் இருந்ததைத் தரையில் கொட்டினான்.

"இப்ப இல்லைய்யா" என்றான். "நல்ல மனுஷன்."

"அடப் பாவமே" என்றான் கிழவன். யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். எல்லாரும் எழுந்து சாக்குத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மேஸ்திரி எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைத்தார். மரப்பலகையில் ரேடியோ மூட்டையோடு இறங்குவதை இடுக்கு வழியாகப் பார்த்தார். மூட்டையின் கனத்தில் அவன் முகம் தெரியவில்லை. பிறகு வந்த வழியே நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள். சமையல் முடித்துக் கூடத்தைப் பெருக்கி வைத்திருந்தாள். அவருக்குப் பின்னால் தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்தாள்.

"வரலையா?"

"வேலை இருக்கு அவனுக்கு. லாரி வந்து நின்னுட்டுது."

"எப்படி இருக்கான்?"

"கொஞ்சம் மெலிஞ்சிருக்கான்."

"பேசினானா?"

"பேசினான். முன்ன மாதிரியே பேசறான். சுத்தி ஆளுங்க உட்கார்ந்து சிரிக்கறாங்க."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"உங்களைப் பத்தி ஏதாவது சொன்னானா? திட்டினானா?"

"இல்லை. நல்லவிதமாத்தான் சொன்னான். நல்ல மனுஷன்னான்."

"எனக்குத் தெரியும். அவன் மனசுல எதையும் வச்சுக்க மாட்டான்." பல நாட்களாக இறுகிக் கிடந்த அவள் முகம் இளகியிருந்தது. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, சுவரிடம் எதுவும் சொல்லாமல், அவர் கையிலேயே கொடுத்தாள். "அடுத்த வாரம் நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவோம். என்ன?"

மேஸ்திரி தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தார்.

"சரி" என்றார். "கூட்டிட்டு வா."